முதுகலைக்கு அரும்பொருளகப் பயிற்சி: சுங்கை சிப்புட்டிலிருந்து போய் வந்தவள் சொல்வது

என் முதுகலைப் படிப்பில் மூன்றாம் பருவத்துக்கு வகுப்பே கிடையாது. 16 வாரம் ஓர் அரும்பொருளகத்தில் (மியூசியத்தில்) வேலை பார்க்க வேண்டும், தினமும் லாக் புத்தகம் எழுத வேண்டும், கடைசியில் ஓர் அறிக்கை எழுதி அதைப் பற்றிப் பேசவும் வேண்டும். கையேட்டில் இருந்தது இவ்வளவுதான். போன மாதம், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் சந்தையில் பார்த்த ஒரு தங்கச்சி, "அக்கா, அடுத்த பருவம் எனக்கும் பயிற்சி. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். காய்கறிப் பையோடு நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் ஒரு வேலையை எடுங்கள். அதை அடியிலிருந்து நுனிவரை முடியுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகு வருகிறவர், உங்களுக்குப் போன் போடாமலே அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பத்து வேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

இடம் பிடிப்பது

பயிற்சி தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே தேட ஆரம்பியுங்கள். நம் பேராக்கிலேயே தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய அரும்பொருளகம் இருக்கிறது, நாட்டிலேயே பழையது அதுதான். கெடா பக்கம் போனால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம். கோலாலம்பூரில் 1963 ஆகஸ்ட் 31 அன்று திறந்த தேசிய அரும்பொருளகம். சில பல்கலைக்கழகங்கள் சொந்தமாகவே காட்சிக்கூடம் வைத்திருக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் கையில் பொருள் வருமா என்பதைப் பாருங்கள். பெரிய இடத்தில் சில பேருக்கு 16 வாரமும் முன்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிற வேலைதான் கிடைக்கிறது. அதுவும் வேலைதான். ஆனால் பொருட்சேகரிப்பைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியவருக்கு அது போதாது.

விண்ணப்பிக்கும் முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு நேரடி மேற்பார்வையாளர் யார்? பொருள் வைக்கும் ஸ்டோருக்குள் பயிற்சி மாணவரை விடுவீர்களா? எனக்கென்று தனியாக ஒரு வேலை தருவீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்ன இடத்தையே நான் எடுத்தேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். சின்ன இடம், மொத்தமே ஒன்பது பேர். வாடகை அறை எடுக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. பல இடங்களில் படித்தொகை கிடையாது, கிடைத்தாலும் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும். மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

கடிதம் மலாயில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, உங்களால் என்ன செய்ய முடியும் என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். கூடவே பல்கலைக்கழகத்தின் ஆதரவுக் கடிதம், மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டை நகல், காப்புறுதிக் கடிதம். இதில் எனக்கு ஓர் அடி விழுந்தது. ஆதரவுக் கடிதம் அனுப்பியாகிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து விசாரித்தால் அது ஏதோ ஒரு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த மூன்று வாரத்தில் அரும்பொருளகம் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க இருந்தது. நீங்கள் கடிதத்தைக் கையில் வாங்கி, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொண்டவரின் பெயரையும் தேதியையும் நகலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத் தாளில் எண் இருக்கட்டும்

முதல் வாரத்திலேயே ஒரு தாளில் நீங்களும் அரும்பொருளக மேற்பார்வையாளரும் பல்கலைக்கழக விரிவுரையாளரும் கையெழுத்துப் போடுவீர்கள். என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள், என்ன செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்று அதில் இருக்கும். "சேகரிப்பு நிர்வாகத்தைக் கற்றுக்கொள்வேன்" என்று எழுதினால் கடைசியில் அது முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எழுதியது: "120 ரப்பர்த் தோட்டப் பொருட்களுக்கு அளவு, படம், நிலை அறிக்கை, எண் போட்டு முடிப்பேன்." என் மேற்பார்வையாளர், நான் காக் என்று கூப்பிட்ட மலாய் அக்கா, பேனாவை எடுத்து 120ஐ அடித்துவிட்டு 40 என்று எழுதினார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். ஒரு பொருளைச் சரியாகப் பதிவு செய்ய அரை நாள் ஆகும் என்பது இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. 16 வார முடிவில் 41 பொருள் முடித்திருந்தேன். நீங்கள் மனதில் நினைத்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கை எழுதுங்கள்.

(முதல் நாளே யாரையும் காக், அபாங், அதாவது அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டுவிடாதீர்கள். மரியாதையாகப் புவான், என்சிக் என்றே தொடங்குங்கள். அவர்களே சொல்வார்கள்.)

ஸ்டோருக்குள் முதல் இரண்டு வாரம்

முதல் இரண்டு வாரம் காதையும் கண்ணையும் திறந்து வையுங்கள், கையை அடக்கி வையுங்கள். பை வெளியே இருக்கட்டும். பேனாவும் வெளியே, உள்ளே பென்சில் மட்டும்தான். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். என் கண்ணாடி வளையல் ஒரு பீங்கான் ஜாடியில் 'டிங்' என்று பட்டபோது அறையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு வளையலை வீட்டில் வைத்துவிட்டேன்.

பொருளைத் தூக்கும் முன் அதை எங்கே வைக்கப் போகிறோம் என்று பாருங்கள். மேசையில் இடம் ஒழித்து, பஞ்சு ஷீட் விரித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பழைய பொருளில் முதலில் விடுவதே கைப்பிடிதான். ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். உலோகத்துக்கு நைட்ரைல் கையுறை, ஏனென்றால் விரல் வியர்வையில் உள்ள உப்பு பித்தளையில் அப்படியே தடம் பதிக்கும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் துணிக் கையுறை போடாதீர்கள், வழுக்கும். பழைய தாளுக்குச் சுத்தமாகக் கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கையே மேல்.

நம் ஊர் ஈரப்பதம் உங்களுக்குத் தெரியும். காற்றில் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், நமக்கோ 80 என்பது சாதாரணம். அதனால் ஸ்டோர்க் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பூச்சி வந்த கூடையையோ துணியையோ பார்த்தால் வீட்டுப் பழக்கத்தில் பாச்சை உருண்டை போட்டுவிடாதீர்கள். அது மனிதருக்கும் நல்லதில்லை, பொருளில் ஏறிய வாடையும் லேசில் போகாது. எங்கள் இடத்தில் பொருளைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் பொருளின் மேல் தண்ணீர் பூத்துவிடும்.

எண் போடுவது

அரும்பொருளகத்தில் ஒரு பொருள் எண் வாங்கிய பிறகுதான் அந்த வீட்டுப் பிள்ளை ஆகிறது. நாங்கள் பயன்படுத்திய முறையில் மூன்று பாகம்: பொருள் வந்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது நன்கொடை, அந்த நன்கொடையில் எத்தனையாவது பொருள். 1996.7.3 என்றால் 1996இல் வந்த ஏழாவது நன்கொடையின் மூன்றாவது பொருள். எண்ணைப் பார்த்தாலே யார் கொடுத்ததோடு சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

எண்ணை நேராகப் பொருளின் மேல் எழுதக் கூடாது. மரத்திலும் உலோகத்திலும் கண்ணில் படாத ஓர் இடம் தேடி, பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய பேனாவால் எண். அதுவும் காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. நாளைக்கு எண்ணை எடுக்க வேண்டுமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பூச்சோடு வந்துவிடும், பொருளில் கறை இருக்காது. துணிக்குப் பருத்தி நாடாவில் எண் எழுதி நாலு தையல். தாளுக்குப் பின்பக்கம் மெத்தென்ற பென்சில்.

நம் தோட்டப் பொருட்களில் ஒன்று மட்டும் தனி: ரப்பர். புகைக்கூண்டில் காய வைத்த பழைய ரப்பர் ஷீட் இரண்டு எங்கள் ஸ்டோரில் இருந்தது. ரப்பர் வெளிச்சத்திலும் காற்றிலும் முதலில் பிசுபிசுப்பாகும், அப்புறம் வறண்டு நொறுங்கும். அதில் அசிட்டோன் படவே கூடாது. அட்டையில் எண் எழுதி நூலால் தளர்வாகக் கட்டுங்கள், அல்லது பெட்டியின் மேல் எழுதுங்கள். இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சந்தேகம் வந்தால் நீங்களும் கேளுங்கள். பயிற்சி மாணவர் கேள்வி கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நிலை அறிக்கையில் "நல்ல நிலை" என்று எழுதாதீர்கள். என் முதல் அறிக்கையைக் காக் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே, எவ்வளவு, எப்படிப்பட்டது என்று எழுத வேண்டும். "வாளியின் அடி விளிம்பில் 34 மில்லிமீட்டர் நீளத்துக்குத் துரு, செதில் உதிர்கிறது" என்றால் பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் பார்த்து, துரு கூடியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

1996.7.3

நான்காவது வாரம் என் கைக்கு வந்த பொருள் இது. பதிவேட்டில் மலாயில் ஒரே வரி: மரக்கம்பு, பயன்பாடு தெரியவில்லை. 1430 மில்லிமீட்டர் நீளம். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் குழிந்து, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பு. இரண்டு முனையிலும் மறு பக்கத்தில் சின்ன வெட்டு, அந்த வெட்டுக்குள் கம்பி அறுத்த கோடுகள்.

எனக்குப் பார்த்ததுமே தெரியும். காண்டா. பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், மங்கு என்ற கிண்ணத்திலிருந்து பாலை வாளியில் ஊற்றி, இரண்டு வாளியையும் இந்தக் கம்பின் இரண்டு பக்கமும் மாட்டித் தோளில் வைத்துத் தோட்டத்து ஸ்டோருக்குத் தூக்கிப் போவார்கள். என் பாட்டி தூக்கியது. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு நடை தூக்கியது. அந்தக் கம்பு 'பயன்பாடு தெரியவில்லை' என்ற வரியோடு இத்தனை ஆண்டு அலமாரியில் கிடந்திருக்கிறது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தோட்டத்தில் வளர்ந்தவர் இல்லை, கேட்பதற்கு அவர் பக்கத்தில் நம் ஆள் ஒருவரும் இல்லை. எனக்கு வந்தது வேறு. கொஞ்ச நேரம் கம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

நீங்கள் செய்ய வேண்டியதைக் கவனியுங்கள். அந்த பழைய வரியை அழிக்கக் கூடாது. "எனக்குத் தெரியும்" என்று புது வரி எழுதவும் கூடாது. கணினிப் பதிவில் பழையதை அப்படியே விட்டு, அதன் கீழே புதுக் குறிப்பு: என்ன, யார் சொன்னது, எப்படித் தெரியும், எந்தத் தேதி, உங்கள் சுருக்கொப்பம். நம் வீட்டுக் கதை ஆதாரமாக வேண்டுமென்றால் அதைச் சொல்கிறவர் வாயால் பதிவு செய்ய வேண்டும். காக் என்னிடம் கேட்டார்: "உனக்குத் தெரியும், சரி. இதைத் தூக்கியவர் யாராவது இருக்கிறாரா?"

பாட்டியிடம் கேட்பது

இருந்தார். என் சொந்தப் பாட்டி இல்லை, வேறொரு பாட்டி. தோட்டத்தை விற்ற பிறகு லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) குடிவந்தவர், வயது எண்பதுக்கு மேல். கம்பை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அசல் அளவிலேயே பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துப் போனேன். பாட்டி தாளைத் தரையில் விரிக்கச் சொன்னார். விரலால் குழிவைத் தடவினார். "இது தோள்ல உக்கார்ற பக்கம்டி. இந்த வெட்டு மேலே இருக்கும், அதுலதான் வாளிக் கம்பி. வெட்டு இல்லேன்னா இறக்கத்துல நடக்கிறப்ப வாளி சறுக்கி முன்னால ஓடிடும், பால் பூரா மண்ணுல." அப்புறம் இன்னொன்று சொன்னார், அது எனக்குத் தெரியாது. மழை பெய்து பால் கெட்ட நாளில் கம்பு கனக்காது, ஆனால் அன்றைக்குத்தான் தோள் வலிக்கும், சம்பளம் குறையும் என்று நினைத்துக்கொண்டே நடப்பதால்.

பதிவு செய்யப் போகும் முன் சில விஷயம். சம்மதத் தாளைத் தமிழில் தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள், வாசித்துக் காட்டுங்கள். பெயர் போடலாமா, குரலை மற்றவர் கேட்கலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டி குரலுக்குச் சரி என்றார், பெயர் வேண்டாம் என்றார். அதனால்தான் இங்கேயும் பெயர் இல்லை. ஒரு கட்டத்தில் கங்காணியைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவர், "அதை நிறுத்திட்டுக் கேளு" என்றார். நிறுத்தினேன். அது பதிவில் இல்லை, என் லாக் புத்தகத்திலும் இல்லை.

மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் நாள் நான் சொல்லவில்லை. வெயிலில் பாட்டியைப் புழுங்க வைக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் நாற்பது நிமிடமும் விசிறிச் சத்தம், நடுவே யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பாட்டி. மறுபடியும் போனேன், காலை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறும் முன். சாயங்காலம் போனால் தொலைக்காட்சி நாடகம் ஓடும், அந்த நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். பொருளையோ படத்தையோ கையில் கொடுத்து, இதை எப்படிப் பிடிப்பீர்கள், எங்கே வைப்பீர்கள், உடைந்தால் யார் சரி செய்வார் என்று கேளுங்கள். காடு, பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், வெளிக்காட்டு வேலை, ஆயாக் கொட்டாய் என்று அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். பாடநூல் தமிழுக்கு மாற்றினால் பாதி செய்தி போய்விடும்.

ஒலிக்கோப்பை அன்றைக்கே மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். பாட்டியின் பேரன் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டான்.

லேபல் எழுதியது

எங்கள் இடத்தில் லேபல் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் வரும், ஒவ்வொன்றும் 60 சொல்லுக்குள். நின்றுகொண்டு படிக்கிறவருக்கு அதுவே அதிகம். என் முதல் வரைவில் எல்லாவற்றையும் திணித்திருந்தேன். 1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் நம் பக்கத்து கோலாகங்சாருக்கும் வந்தது, 1938இல் இந்திய அரசாங்கம் கங்காணி மூலம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது, 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியது, எல்லாம். கம்பு எங்கள் ஊர்த் தோட்டத்திலிருந்து வந்ததாலும் அந்தச் சம்பவம் நாட்டுக்கே தெரிந்தது என்பதாலும் இரண்டையும் சேர்க்க ஆசையாக இருந்தது. காக் கேட்டார்: "இந்தக் கம்பு 1948இல் இருந்ததற்கு என்ன சாட்சி?" ஒன்றுமில்லை. நன்கொடைத் தாளில் ஆண்டே இல்லை. அடித்தேன். ஊர்ச் சரித்திரம் பெரியது என்பதற்காக ஒரு பொருளின் தலையில் அதை ஏற்றக் கூடாது. கடைசியில் தமிழ் லேபல் இப்படி வந்தது:

"காண்டா. மரம், 20ஆம் நூற்றாண்டு, சுங்கை சிப்புட். பால்மரம் வெட்டியவர்கள் இரண்டு வாளி ரப்பர்ப் பாலை இதில் மாட்டித் தோளில் சுமந்தார்கள். முனைகளில் உள்ள வெட்டு, இறக்கத்தில் வாளி சறுக்காமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள குழிவு, தோள் பட்டுப் பட்டுத் தேய்ந்தது."

மலாய் லேபலை நான் தமிழிலிருந்து மொழிபெயர்க்கவில்லை, காக்கோடு உட்கார்ந்து தனியாகவே எழுதினோம். 'காண்டா' என்ற நம் சொல் மலாய் 'கண்டார்' என்பதிலிருந்து வந்தது. அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

லாக் புத்தகமும் அறிக்கையும்

லாக் அன்றன்றைக்கே எழுதுங்கள், பஸ்ஸிலாவது. என்ன செய்தேன், எத்தனை மணி நேரம், என்ன கேட்டேன், நாளைக்கு என்ன. நாலு வரி. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆறாவது, ஏழாவது வாரத்தை நான் சேர்த்து எழுதினேன். ஒரு பொது விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் வேலை பார்த்ததாகப் போட்டிருந்தேன். விரிவுரையாளர் கண்டுபிடித்தார். மன்னித்தார், ஆனால் அதற்குப் பிறகு என் ஒவ்வொரு தேதியையும் சரிபார்த்தார்.

ஸ்டோர்ப் படங்களை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்பது வெளியே போகக் கூடாத செய்தி. அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

அறிக்கையில் லாக்கை மறுபடி கதையாகச் சொல்லாதீர்கள். படித்ததும் பார்த்ததும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். உலக அரும்பொருளகப் பேரவை 2022இல் பிராக் நகரில் ஏற்ற புது வரையறையில், அரும்பொருளகம் சமூகங்களின் பங்கேற்போடு இயங்க வேண்டும் என்று இருக்கிறது. வகுப்பில் அதை மனப்பாடம் செய்திருந்தேன். பாட்டி தரையில் தாளை விரிக்கச் சொன்னபோதுதான் அதன் பொருள் புரிந்தது. என் அறிக்கையின் நடு அத்தியாயம் முழுக்க 1996.7.3 மட்டும்தான். மற்ற 40 பொருளும் பின்னிணைப்பில் அட்டவணையாகப் போயின.

கடைசி இரண்டு வாரம்

புது வேலை எதையும் தொடாதீர்கள். முடிந்தது எது, முடியாதது எது, எந்தக் கோப்பு எந்தப் பெயரில் எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி ஒப்படையுங்கள். முடியாததை மறைக்க வேண்டாம். சாவி, பாஸ் திருப்பிக் கொடுங்கள். மதிப்பீட்டுப் படிவத்தையும் பரிந்துரைக் கடிதத்தையும் அங்கே இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் உங்கள் முகம் மறந்திருக்கும்.

இன்னொன்று, கையேட்டில் இருக்காது. உங்களுக்குச் செய்தி சொன்னவர்களைக் கூட்டி வந்து காட்டுங்கள். பேரன் காரில் பாட்டி வந்தார், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. கம்பு அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியிருந்தது. தேய்ந்த குழிவு எல்லாருக்கும் தெரியட்டும் என்று குழிவை மேல்பக்கமாக வைத்திருந்தோம். பாட்டி குனிந்து பார்த்தார். "தலைகீழா வச்சிருக்கீங்களே. வெட்டு கீழே போனா வாளி எப்படித் தொங்கும்?"

காக்குக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அங்கேயே காட்சி அமைக்கும் அபாங்கைக் கூப்பிட்டார். குழிவும் தெரிய வேண்டும், கம்பும் சரியாக இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து, கம்பைத் திருப்பி வைத்து, கீழே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி பொருத்தினார். இப்போது குழிவு கண்ணாடியில் தெரிகிறது. பதிவில் புதுக் குறிப்புச் சேர்த்தேன்: காட்சி நிலை திருத்தப்பட்டது, வெட்டு மேல்பக்கம், சொன்னவர் முந்தைய குறிப்பில் உள்ளவரே. தேதி, சுருக்கொப்பம். அன்றைக்கு லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் காக் கையெழுத்துப் போட்டார்.